பதினொன்றரை மணி மீன்

கல்முனையில் இறங்க வேண்டிய நான் இறங்கிய இடம் சாய்ந்தமருது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் சாலையில் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. மருதமுனை எங்கே முடிந்தது, பாண்டிருப்பு எங்கே தொடங்கியது என்று கடைப் பலகைகளைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் சில பலகைகளைப் படிக்கத் தவறிவிட்டேன். நடத்துநர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கல்முனை பெய்த்துக் கனநேரம். இறங்குங்க, இறங்குங்க" என்றார். போய்விட்டது என்பதற்கு இந்தக் கரையில் பெய்த்து.

நசீரைத் தொலைபேசியில் அழைத்தேன். சிரித்தார். "பரவாயில்ல தங்கச்சி. பிழையா இறங்கியும் வீட்டுக்குக் கிட்டத்தான் இறங்கியிருக்கிங்க. ஓட்டோக்காரனிட்ட ஃபோனைக் குடுங்க."

அந்தச் சிரிப்பை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். முகம் தெரியாது. சென்னையில் ஒரு நாளிதழில் நான் துணையாசிரியராக இருந்தபோது, அவர் இந்தக் கரையிலிருந்து எங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். முதலில் தொலைநகலில், பிறகு மின்னஞ்சலில். நான் அவருடைய வாக்கியங்களை வெட்டுவேன். மறுநாள் அவர் அழைத்து, வெட்டுப்பட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் நியாயம் கேட்பார். இருவருமே அந்த வேலையை விட்டு ஆண்டுகள் ஆகின்றன. மட்டக்களப்பில் இளம் நிருபர்களுக்கு மூன்று நாள் வகுப்பெடுக்க எனக்கு அழைப்பு வந்தது. வகுப்பு முடிந்ததும் சில நாட்கள் அவர் வீட்டில் தங்குவது என்று பேசி வைத்திருந்தோம்.

நான் வந்தும் அவர் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பது வாசலில்தான் தெரிந்தது. இரண்டு கண்களிலும் புரை. வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இடது கண்ணுக்கு ஆள் அசைவது தெரிகிறது. எனக்கு மூன்றடி இடப்புறம் பார்த்து, "வாங்க, வாங்க" என்றார்.

அவர் மனைவி பரீதா தேநீர் ஊற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். "வியாழக்கிழமை கெட்டறெக் ஒப்பரேஷன். வெறும் வயித்துல சீனி நூற்றைம்பதுக்குக் கீழ இரிக்கணுமாம். கூடினாச் செய்யமாட்டாங்க. ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டாங்க, தங்கச்சி. இது மூணாந்தரம்."

அன்று சனிக்கிழமை. ஐந்து நாட்கள் இருந்தன.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கிளினிக்கில் கொடுத்த தாள் ஒட்டியிருந்தது. சிவப்பரிசி, குரக்கன் என்கிற கேழ்வரகு, தினமும் கீரை, சின்ன மீன், சீனி போடாத தேநீர். நான் அதைப் படிக்கும் சத்தம் கேட்டு நசீர் சொன்னார்: "நல்ல அறிக்கை. ஆனா இதெல்லாம் எங்க வாங்கிற எண்டு எழுதல்ல. நீங்க எடிட் பண்ணியிருந்தாக் கேட்டிருப்பீங்க."

அவர்கள் இருப்பது வயலை நிரப்பி எழுப்பிய ஒரு வீட்டுத்திட்டம். ஊரில் எல்லாரும் ஸ்கீம் என்கிறார்கள். கடல் வந்து கரையோர வீடுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு கட்டிய மூன்று மாடிக் கட்டடங்கள். வீடு பரீதாவின் தங்கை குடும்பத்துக்குக் கிடைத்தது. அவர்கள் கட்டாருக்குப் போக, இவர்கள் வந்திருக்கிறார்கள். பின்பக்கம் கண்ணுக்கு எட்டியவரை நெல். சம்மாந்துறை ஆலைகளுக்கு மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் நாள் முழுவதும் அந்த வழியாகப் போகின்றன. கீழ்த்தளத்துக் கடையில் சிவப்பரிசி இருக்கிறதா என்று கேட்டேன். "அது ஆரும் கேக்கிறல்ல, மெடம்" என்றார் கடைக்காரர். பளபளவென்று தீட்டிய வெள்ளை அரிசி நான்கு வகை இருந்தது.

வரப்பில் கீரை முளைக்காதா என்று பரீதாவிடம் கேட்டேன். "முளைக்கும். முந்திப் பொன்னாங்கண்ணி பிடுங்கித்தான் சுண்டினம். வயலுக்கு மருந்தடிக்கிறாங்க. ஒருக்காத் திண்டுட்டு வீடே வாந்தி."

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இரண்டாம் மாடி நடைபாதையில் நாற்காலி போட்டு, மடியில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்தேன். பழைய பழக்கம். இந்த இடத்துக்கு எது, எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதினேன்.

ஆறரைக்கு ரொட்டி விற்கும் பாண் வண்டி. மூன்று சக்கர வண்டியின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, ஒலிபெருக்கியில் ஒரே மெட்டு. வெள்ளைப் பாண், சீனி தூவிய பணிஸ், கிரீம் வைத்த பணிஸ். எட்டரைக்கு அதே மெட்டுடன் இன்னொரு வண்டி. ஒன்பதரைக்கு ஐஸ்கிரீம். பத்தே காலுக்குப் பிஸ்கட் கம்பெனியின் வேன் கடைக்குச் சரக்கு இறக்கியது. பதினொன்றுக்கு மூன்றாவது பாண் வண்டி. பதினொன்றரைக்குத்தான் மீன் வந்தது. மரக்கறி வரவே இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு லொறி வருமாம். இடையில் வேண்டுமென்றால் கல்முனைச் சந்தைக்கு ஓட்டோ பிடித்துப் போய் வரவேண்டும்.

மீன்காரர் பெயர் றஹீம்; நசீரை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்பார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் எனப்படும் தெர்மோகோல் பெட்டி. ஹோர்ன் சத்தம் கேட்டதும் நசீர் சுவரைத் தடவியபடி படியிறங்கினார், நானும் போனேன். பெட்டிக்குள் ஐஸ் உருகிச் சாம்பல் நிறத் தண்ணீராகியிருந்தது. நசீர் ஒரு மீனை எடுத்துச் செவுளுக்குள் பெருவிரலை விட்டார். மோந்தார். வயிற்றை அமுக்கினார், அமுக்கிய குழி அப்படியே நின்றது.

"கண் எப்படி இரிக்கி?" என்று கேட்டார்.

"கொஞ்சம் வெள்ளையாத்தான் இரிக்கி, காக்கா" என்றார் றஹீம்.

"அதுக்கும் கெட்டறெக். ரெண்டு பேருக்கும் சேர்த்துச் செய்யச் சொல்லுவம்."

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எல்லாரும் வாங்கினார்கள். மசாலாவைக் கூட்டி, நன்றாகப் பொரித்துவிட்டால் தெரியாது என்றார் ஒருவர்.

சென்னைக்குத் தெற்கே நகரத்து ஏழைகளைக் கொண்டுபோய்க் குடிவைத்த அடுக்குமாடிகளைப் பற்றி நான் ஒரு காலத்தில் தொடர் கட்டுரை ஒன்றைத் திருத்தியிருக்கிறேன். சந்தை எத்தனை கிலோமீட்டர், மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று வரைபடம் போட்டோம். கடிகாரத்தையும் போட்டிருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. நசீர் வீட்டிலிருந்து கடல் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். மீன் அந்தத் தூரத்தைக் கடக்க ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

மதியம் அந்த மீனைச் சாப்பிடும்போது நசீர் பழைய வீட்டைப் பற்றிப் பேசினார். வீடு கடற்கரையிலிருந்து மூன்றாம் தெருவில் இருக்கிறது. "சுபஹ் தொழுதிட்டு நேராக் கரைக்குப் போவன். கரைவலை இழுத்திட்டு இரிப்பாங்க. ஆரும் போய்க் கயிறுல கை வைக்கலாம். வலை மடி கரைக்கு வந்தா, கை வைச்ச ஆளுக்கு ஒரு பிடி மீன், கறிக்கு. வீட்டுக்கு வரச் சூடை மீன் துடிச்சிட்டு இரிக்கும். பரீதா மாங்காய் போட்டு ஆணம் வைப்பா. அந்த ஆணத்துக்கு மசாலாவே தேவையில்ல தங்கச்சி." கையிலிருந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"இப்போதும் போகலாமே" என்றேன். "ஓட்டோவில் ஐந்து நிமிடம்."

உருட்டிய சோற்றை அவர் தட்டில் வைத்தார். தண்ணீர் கேட்டார்.

சமையலறையில் பரீதா சொன்னார். இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. மாப்பிள்ளை வந்து அதில் குடியிருப்பார். இவர்களுக்கு ஒரே மகள், சஜீனா; பழைய வீடு அவளுக்கு. மருமகன் கணித ஆசிரியர், நல்ல மனிதர், ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டம் என்றார் பரீதா. "குறை இரிந்தாக்கூட சண்டை பிடிச்சிட்டாவது போய் வரலாம். இவருக்கு ஒரு எண்ணம். வீட்டைக் குடுத்துட்டுச் சோத்துக்குத் திரியிறான் எண்டு ஊர் கதைக்கக்கூடாதாம். கரைக்குப் போகணுமெண்டா மகள்ட தெருவாலதான் போகணும். வாசலைக் கடந்து போனா மகளுக்கு அவமானம். உள்ள போனாத் திங்காம விடமாட்டா. அதால ஏழு வருசமாக் கடல் பக்கமே போறல்ல. பெருநாளைக்குப் போனாலும் முன் கதிரையில இரிந்து தண்ணி மட்டும் குடிச்சிட்டு வந்திருவார்."

"மகள் ஒன்றும் சொல்வதில்லையா?"

"சொல்லுவா. அழுவா. ஒவ்வொரு பெருநாளைக்கும் ஒரே கதைதான்."

இதற்கிடையில் தட்டுகள் வரத் தொடங்கியிருந்தன. இந்தியாவிலிருந்து ஒரு மனிசி வந்திருக்கிறாள் என்று மூன்று மாடிக்கும் செய்தி போய்விட்டது. சனி மாலையிலேயே முதல் தட்டு வந்தது, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பம். பின்னால் தொதல், சீனிப்பணியாரம், நெய்யில் பொரித்த ரொட்டி, இறைச்சி ஆணம், பால் விட்ட சவ்வரிசிக் கஞ்சி. தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதால், பரீதா ஒவ்வொன்றிலும் வாழைப்பழமோ பிஸ்கட்டோ வைத்து அனுப்பினார். அது இன்னொரு தட்டைக் கொண்டுவந்தது. விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விடுவது மரியாதை இல்லை என்று நசீர் என்னுடன் உட்கார்ந்தார். நான் ஒரு கரண்டி எடுத்தால் அவரும் ஒரு கரண்டி. அவர் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார். நான் தடுக்கவில்லை. அதை இப்போது எழுதும்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மூன்று நாளில் பதினாறு தட்டுகள் வந்தன. ஒன்றிலும் கீரை இல்லை. கீரையை யாரும் விருந்தாளிக்கு அனுப்புவதில்லை.

திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றுடன் அவரைச் சந்தியிலுள்ள மருந்துக் கடைக்கு அழைத்துப் போனோம். விரலில் குத்தினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. கடைக்காரப் பெண் எண்ணை இரண்டு முறை சொன்னாள். பரீதா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயன்றது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பரீதா படிக்கட்டின் நடுவில் நின்று, மேலும் கீழும் கேட்கும்படி சொன்னார்: "ஆரும் வியாழக்கிழமை வரைக்கும் தட்டு அனுப்பாதீங்க கா. இவருக்குச் சீனி ஏறிப் பெய்த்து."

மேல் மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "அவருக்கு வேணாமெண்டா விடுங்க ராத்தா. விருந்தாளி என்ன நினைப்பா?"

"விருந்தாளிதான் சொல்லச் சொன்னா" என்றார் பரீதா, கண் இமைக்காமல்.

அதற்குப் பிறகு படிக்கட்டில் என்னைக் கண்டால் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தி, "எங்கட சாப்பாடு உங்களுக்குப் பிடிக்கல்லையாம்" என்று கேட்டே விட்டாள். பரீதாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

அன்று மாலை நசீரிடம் எனக்குக் கடல் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். உண்மையும் அதுதான், திட்டமும் அதுதான். விருந்தாளி வாய் திறந்து கேட்டதை மறுக்க அவரால் முடியவில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, "விடிய, வெள்ளென போவம். ஆனா நான் சொல்லுற பாதையால" என்றார்.

செவ்வாய் அதிகாலை தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். மகளின் தெருவைத் தவிர்ப்பதற்காக ஓட்டோவைத் தெற்கே சற்றுத் தூரம் விட்டு, மணல் பாதையால் கரைக்குத் திருப்பச் சொன்னார். ஓட்டுநர், "அதால போனாப் புதையும், காக்கா" என்றார். "புதையாது. நான் இந்த ஊர்க்காரன்" என்றார் நசீர். கடலுக்கு நூறு அடி முன்னால் ஓட்டோ புதைந்தது. ஓட்டுநர் இறங்கி, பின் சக்கரத்தைப் பார்த்து, சிகரெட் பற்ற வைத்தார்.

நசீர் காத்திருக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி நடந்தார். வேகமாக நடந்தார். உப்புக் காற்று பட்டதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த மணலில் கால் வைக்கிறவர். எனக்கு அவரைவிடப் படபடப்பாக இருந்தது.

பாதி தூரத்தில் நின்றார். "அது என்ன சத்தம்?"

ஒரு டிராக்டர். கடலைப் பார்த்து மணலில் நிறுத்தியிருந்தார்கள். அதன் பின்னால் ஓர் இரும்பு உருளை சுழன்றது. வலையின் கயிறு அதில் சுற்றிக்கொண்டே வந்தது. இருபது முப்பது பேர் நிற்பார்கள் என்று அவர் சொல்லியிருந்த இடத்தில் நான்கு பேர். ஒருவர் டிராக்டரின் இருக்கையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணால் கண்டதை, அந்தக் காலத்தில் அவர் எனக்குச் செய்தி சொன்னது போல, வரிசையாகச் சொன்னேன்.

வலைக்குத் தலைவரான தண்டையல் அவரை அடையாளம் கண்டு அருகே வந்தார். "நசீர் காக்காவா. கயிறு இழுக்க இப்ப ஆக்கள் இல்ல. எல்லாரும் கட்டாரும் கொழும்பும்."

"எப்ப இருந்து?"

"மூணு வருசம் இரிக்கும்."

நசீர் தலையாட்டினார். "இது எனக்குத் தெரியாமப் பெய்த்து" என்றார், எனக்கா அவருக்கா என்று தெரியாத குரலில். இந்தக் கரையில் எந்தத் தோணி கவிழ்ந்தாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். அது அந்தக் காலம்.

மடி கரையேறியது. மீனை நேராகப் பெட்டிகளில் கொட்டினார்கள். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. தண்டையல் குனிந்து இரு கை நிறையச் சூடையை அள்ளி, "இந்தாங்க, கறிக்கு" என்று நீட்டினார். மீன்கள் வெள்ளியாகத் துடித்தன. நசீர் சத்தம் கேட்டுக் கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார்.

"கை வைக்காம எப்படி மனே? கயிறு இழுக்காதவனுக்கு மீன் இல்ல. அது சரியான முறைதானே."

எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. அதை நான் வாங்கியிருக்கலாம். எனக்குத் துணிவு வரவில்லை.

ஓட்டோ இன்னும் புதைந்திருந்தது. நடந்துதான் பிரதான வீதிக்குப் போக வேண்டும் என்றார்கள். மணல் இல்லாமல் நடக்கக்கூடிய தெரு ஒன்றுதான் இருந்தது, மகளின் தெரு. நசீர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கரையிலிருந்து மூன்றாவது தெரு. மாடி வீடுகள், இரும்புக் கதவுகள், மதிலுக்கு மேல் முருங்கையும் அகத்தியும். ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகள். ஏழு மணிக்கே ஒரு கிழவர் கீரைக்கட்டுகளைச் சைக்கிளில் அடுக்கிக்கொண்டு தெருவில் போனார். நான் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தபோது நசீர் நின்றுவிட்டார். எனக்கு முன்னால் அவருக்குக் கேட்டிருந்தது, ஒரு பெண்ணின் குரல்.

"இது வேணாம். அதை எடுங்க. கண் தெளிவா இரிக்கிறதைப் பார்த்துப் போடுங்க."

நான்காவது வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள், ரெஜிபோம் பெட்டி. தலையில் முந்தானை போட்ட பெண் ஒருத்தி கையில் தட்டுடன் குனிந்து மீன் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். மீன்காரர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். றஹீம்.

"வாப்பா" என்றாள் சஜீனா.

யாரும் அடுத்த வார்த்தை பேசும் முன் றஹீம் பேசிவிட்டார். நல்ல மனிதர், சும்மா இருக்கத் தெரியாது. "என்ன காக்கா, நான்தான் பதினொன்றரைக்கு வீட்டுக்கே வாறனே. மீன் தேடி இஞ்ச வந்தீங்களா?"

சஜீனா அவரைப் பார்த்தாள். "வாப்பாட வீட்டுக்கு நீங்களா மீன் குடுக்கிறீங்க?"

"ஓம் தங்கச்சி. இதே பெட்டிதான். இந்தத் தெரு, பள்ளித் தெரு, வங்கித் தெரு எல்லாம் முடிச்சுக் கடைசியா ஸ்கீமுக்குப் போவன்."

அவள் தன் தட்டைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். ஓரத்தில் அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய நாலைந்து மீன் கிடந்தது. "நான் கழிச்சுப் போடுறதையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

றஹீம் கலங்கிப்போனார். "என்ட பிழை இல்ல தங்கச்சி. ஒரு கிழமை முழுக்க முதல்ல ஸ்கீமுக்குத்தான் போனன். ஆரும் வாங்கல்ல. விலை இறங்கினாப் பிறகு வா எண்டாங்க. பாதிப் பெட்டி நாறிப் பெய்த்து."

அதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டில் எழுதத் தவறியிருந்தேன்.

மருமகன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். "மாமா, உள்ள வாங்க." நசீர், "பள்ளிக்கு நேரமாகும் மகன், நீங்க போங்க" என்றார். சஜீனா அவர் கையைப் பிடித்தாள். "வாங்க வாப்பா. ரெண்டு புட்டுத் திண்டுட்டுப் போங்க." அவர் கையை விடுவிக்கவில்லை, உள்ளேயும் போகவில்லை. "ஓட்டோ நிக்கிது மகள். ஒரு தண்ணி தாங்க." இரும்புக் கதவைப் பிடித்து நின்றபடியே குடித்தார். ஓட்டோ மணலில் நிற்பதை நானும் சொல்லவில்லை.

அவரை மருமகன் தெருமுனை வரை கைபிடித்து அழைத்துப் போனார். நான் செருப்பில் மணலைத் தட்டுவதுபோல் பின்தங்கினேன். சஜீனா றஹீமிடம் சொன்னது கேட்டது. "நாளைல இருந்து நான் எடுக்கிறதுல பாதியை ஐசுக்கு அடியில வைங்க. வாப்பாக்குக் குடுங்க. நான் எண்டு சொல்லிராதீங்க."

"அவர் தடவிப் பார்த்தே கண்டுபிடிச்சிருவார், தங்கச்சி."

"முன் தெருவுல ஆரும் வாங்கல்ல எண்டு சொல்லுங்க."

புதன்கிழமை பதினொன்றரைக்கு ஹோர்ன் சத்தம் கேட்டது. நசீர் இறங்கினார். பரீதாவும் நானும் பின்னால் நின்றோம். பரீதாவுக்கு மகள் தொலைபேசியில் எல்லாம் சொல்லியிருந்தாள். றஹீம் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் ஐஸ் கல்லாக இருந்தது. நசீர் ஒரு சூடையை எடுத்துச் செவுளைத் தொட்டார். மோந்தார். வயிற்றை அமுக்கினார். விரலை எடுத்ததும் சதை பழையபடி எழும்பியது. மறுபடி அமுக்கினார்.

"றஹீம், இது எந்த நேரத்து மீன்?"

"காலைல உள்ளதுதான், காக்கா. முன் தெருவுல இண்டைக்கு ஆரும் வாங்கல்ல."

"ஏன்?"

றஹீம் இந்தக் கேள்விக்குத் தயாராகவில்லை. "கல்யாண வீடாம்" என்றார்.

"புதன்கிழமையா?"

"ஓம், காக்கா." பிறகு பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு முருங்கை இலையையும் எடுத்து நீட்டினார். "இதும் விக்கல்ல."

நசீர் இலையைத் தடவிப் பார்த்தார். "மீன்காரன் முருங்கை இலை விக்கிற கல்யாணம்" என்றார். பரீதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நசீர் இலையை மோந்தார். "சரி. போடுங்க" என்றார் நசீர்.

மாங்காய் போட்ட சூடை ஆணம், முருங்கை இலைச் சுண்டல், குரக்கன் புட்டு. மீன் எலும்பிலிருந்து பூப்போலக் கழன்றது. புளிப்புக்கு அடியில் கடலின் லேசான இனிப்பு. நான் சென்னையில் ஒரு காலத்தில் மீன் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருந்தேன். இப்போது நகரத்தின் வெளியில் பதினொன்றாம் மாடி. பச்சை அட்டைப் பெட்டியில், வெட்டிக் கழுவி, பெயரும் எடையும் ஒட்டி மீன் வருகிறது. அதில் கண் இருப்பதில்லை. இந்த மீனை என்றைக்குக் கடைசியாகச் சாப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. நசீர் மிக மெதுவாகச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றோ, இல்லை என்றோ சொல்லவில்லை. கல்யாணத்தைப் பற்றியும் கேட்கவில்லை. தட்டில் ஒரு முள்ளைக்கூட வீணாக்கவில்லை.

வியாழக்கிழமை மருத்துவமனையில் நூற்று அறுபத்தெட்டு.

மருத்துவர் இளம் பெண். இறங்கியிருக்கிறது, போதாது என்றார். "ரெண்டு நாள் பத்தியம் பார்த்துக் காணாது, ஐயா. இப்படியே தொடர்ந்து சாப்பிடுங்க." ஐந்து வாரம் தள்ளி ஒரு தேதி எழுதிக் கொடுத்தார். பரீதா அந்தத் தாளை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்தார். நான் அந்தப் பதினாறு தட்டுகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னேன். நசீர் கையை வீசினார். "நீங்க வராட்டிலும் பாண் வண்டி வரும் தங்கச்சி."

அன்று மதியம் எனக்குப் பஸ். சாலையோரம் என்னை வழியனுப்ப நின்றபோது அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, கவனமாகப் பார்ப்பதுபோல் வைத்திருந்தார். இந்த முறை ஒரு அடிதான் தவறியது. "ஒருவகைக்கு நல்லம்" என்றார். "நீங்க வடிவா இரிப்பீங்க எண்டு நினைச்சிட்டே இரிக்கலாம்."

சென்னைக்குத் திரும்பி ஐந்து வாரம், காலையில் காய்கறிப் பை வாசலில் வந்து விழும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. இப்போது எட்டரை, இரண்டாவது பாண் வண்டி. இப்போது பதினொன்றரை. அழைக்க நினைத்து, சீனியின் எண் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிடுவேன். பக்கம் முடிக்கும் நேரத்தில் அவருடைய செய்திக்காகக் காத்திருந்த நாட்களைப் போலத்தான் இருந்தது.

ஆறாவது வாரம் அவரே அழைத்தார். நூற்று முப்பத்தொன்று. வலது கண் அறுவை முடிந்துவிட்டது. கட்டு அவிழ்த்து நாலு நாள். எல்லாம் நீலமாகத் தெரிகிறதாம். வயல் இவ்வளவு பச்சை என்பது மறந்துபோயிருந்ததாம். "பரீதா கிழவியாப் பெய்த்தா. ஆரும் எனக்கு அறிவிக்கல்ல" என்றார். பின்னாலிருந்து பரீதா, "கண்ணாடியில உங்கடயப் பாருங்க" என்றது கேட்டது.

மகள் வீட்டுக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

"பெருநாள் வரட்டும்."

"றஹீம் வருகிறாரா?"

"ஒவ்வொரு நாளும். பதினொன்றரைக்கு."

"மீன் எப்படி இருக்கிறது?"

"தெரியா தங்கச்சி. பரீதாதான் வாங்குறா."

"இப்போதுதான் கண் நன்றாகத் தெரிகிறதே."

"அதுதான். கண்ணால கண்டா ஆர்ட மீன் எண்டு கேக்கணுமே" என்றார்.

தூரத்தில் ஒரு ஹோர்ன் சத்தம் கேட்டது. மறுபடியும், கொஞ்சம் கிட்டத்தில். "கொஞ்சம் இரிங்க, வைச்சிராதீங்க" என்றார் நசீர். அவர் எழுந்து நடக்கும் சத்தமும், அறைக் கதவைச் சாத்தும் சத்தமும் கேட்டன. பிறகு உள்ளேயிருந்து, தாழ்ந்த குரலில், "இப்ப சொல்லுங்க" என்றார்.